ஒரு தடவை கேட்கும் ஊர்

1

போன மாதம் எங்கள் கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். நூற்பு இயந்திரம் செய்யும் கம்பெனி. ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த மில்லில் ஓடிய மெஷின்களின் பக்கவாட்டில் இதன் பெயர்தான் வார்ப்பு எழுத்தில் இருக்கும். அந்த எழுத்து இடுக்கில் படியும் பஞ்சைத் துடைத்துக்கொண்டிருந்த மெயின்டனன்ஸ் சூப்பர்வைசரான என்னை, 1980இல், ஆறு மாதப் பயிற்சிக்கு என்று இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். பயிற்சி முடிந்ததும் கம்பெனியே வேலை கொடுத்து வைத்துக்கொண்டது. அந்த ஆறு மாதம் இப்போது பதினேழு வருடமாகிவிட்டது. ஊரில் இருப்பவர்கள் இதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் மறுத்துச் சொன்னதில்லை.

கடைசி நாள் கேக் வெட்டினார்கள். உடன் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஓர் உறையைக் கையில் கொடுத்தார்கள். பிரித்தால், இருவருக்கான 'கோல்ஃப் பிரேக்' சீட்டு. நாம் சீசனில் குற்றாலத்துக்குப் போய் இரண்டு நாள் தங்கிக் குளித்துவிட்டு வருகிறோம் அல்லவா, அதுபோல இவர்கள் கோல்ஃப் ஆடுவதற்கென்றே போய்த் தங்குகிறார்கள். அறை, சாப்பாடு, இரண்டு ஆட்டம் எல்லாம் ஒரே சீட்டில் அடக்கம். இடம், இங்கே நாங்கள் குடியிருக்கும் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் கடலோரம் இருக்கிற பழைய மைதானம். நூறு வருடத்துக்கு மேல் பழசு. பெரிய பெரிய சாம்பியன்கள் ஆடிய இடம். அந்தப் புல்லை மிதித்தோம் என்று சொல்லிக்கொள்வதற்காகவே ஜப்பானிலிருந்து விமானம் ஏறி வருகிறார்கள்.

அந்தப் புல்லை இனி மிதிப்பதில்லை என்று பதினொரு வருடத்துக்கு முன்பு எனக்கு நானே சொல்லிக்கொண்டது அவர்களுக்குத் தெரியாது. பாவம், ஆசையாகக் கொடுத்தார்கள்.

வீட்டில் சீட்டைக் காட்டினேன். என் மனைவி ரஹீமா வத்திராயிருப்புக்காரி. "இம்புட்டுக் காத்துல புல்லு மேல நடக்க என்னால ஏலாது. ஒங்க மகளைக் கூட்டிட்டுப் போங்க" என்றாள். பிறகு, பாத்திரம் கழுவுகிற சத்தத்தோடு, "அங்க வச்சே அவகிட்டக் கேட்டுருங்க" என்றாள்.

கேட்க வேண்டியது இதுதான். ராஜபாளையத்திலிருந்து என் பழைய மில்லின் மானேஜர் கடிதம் போட்டிருந்தார். மெயின்டனன்ஸுக்கு ஆள் வேண்டும், வருகிறாயா, மாதக் கடைசிக்குள் பதில் சொல் என்று. எனக்குப் போக ஆசை. ஆசை என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டேன், அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன். ரஹீமா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: "ஷமீமா வந்தா நானும் வாரேன். அவளை இங்க விட்டுட்டு நான் ஒரு அடி நகர மாட்டேன்."

ஷமீமா எங்கள் ஒரே மகள். பதினாறு வயது. ஆக, என் ஊர் அவளுடைய ஒரு வார்த்தையில் இருந்தது.

2

லிங்க்ஸ் என்று இவர்கள் சொல்வது கடலுக்கும் வயலுக்கும் நடுவில் கிடக்கும் மணல்மேட்டு நிலம். மரம் கிடையாது. ஆலங்குளம் சிமெண்ட் ஆலைக்குப் போகிற வழியில் இருக்கும் தரிசின் மேல் யாரோ பச்சைத் துணியை விரித்துவிட்டுப் போனதுபோல இருக்கும். நடுநடுவே ஆள் உயரத்துக்கு மணல் குழிகள். பந்து உள்ளே விழுந்தால் மானம் போய்விடும். காற்று மட்டும் ஒரு நிமிடம் ஓயாது.

ஹோட்டல் வரவேற்பில் ஒரு படிவம் தந்தார்கள். குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் நான் வழக்கம்போலத் தயங்கினேன். எனக்குக் குடும்பம் உண்டு, குடும்பப் பெயர்தான் கிடையாது. முதலில் வந்தபோது விசா அதிகாரி அத்தாவின் பெயரை அந்தக் கட்டத்தில் போட்டார். அன்றிலிருந்து இந்த நாட்டில் எல்லாரும் என்னை அத்தாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். ராஜபாளையத்தில் இரும்புக்கடை வைத்திருந்த மனிதரின் பெயர் பதினேழு வருடமாக லங்காஷயர் தொழிற்சாலை ஒலிபெருக்கியில் முழங்கியது. அவருக்குத் தெரிந்திருந்தால் சிரித்திருப்பார்.

நான் யோசிப்பதற்குள் ஷமீமா பேனாவை வாங்கி முழுப் படிவத்தையும் நிரப்பிவிட்டாள். அந்தப் பெண்ணிடம் தன் பெயர் 'ஷாம்' என்றாள். என் அம்மா ஆசைப்பட்டு வைத்த பெயரில் பாதியைக் காணோம். பள்ளிக்கூடத்தில் எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுகிறார்களாம், அவளுக்கும் அதுதான் பிடித்திருக்கிறதாம். சரி, பிடித்தால் சரி.

அன்று மத்தியானம் முதல் ஆட்டம் ஆடினோம். ஆடினோம் என்பது மரியாதைக்குச் சொல்வது. நான் தரையை வெட்டினேன், அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நன்றாகத்தான் இருந்தது. பதினோராவது குழிக்கு வந்ததும் மட்டையை ஊன்றிக்கொண்டு குழியையே பார்த்து நின்றுவிட்டேன். "என்னாச்சு அத்தா?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன். அன்றைக்கு அவளிடம் கேட்க முடியவில்லை.

3

நம் ஊரில் வேண்டாம் என்று சொல்வதற்கு ஒரு முறை இருக்கிறது. உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் பதினேழு வருடம் தள்ளி நின்று பார்க்கிறவனுக்கு அது எவ்வளவு பெரிய ஏற்பாடு என்று தெரிகிறது.

பழைய பஸ் ஸ்டாண்டுப் பக்கம் அத்தாவின் கடைக்கு யாராவது வந்தால், "கலர் சாப்பிடுறீகளா?" என்று கேட்பார். வந்தவர் "வேண்டாம், இப்பத்தான் டீ குடிச்சேன்" என்பார். அது வெறும் மரியாதை. "அட, ஒரு கலர் சாப்பிடுங்க." "அய்யோ, வயிறு திம்முனு இருக்கு." இது அவர் வீட்டு வளர்ப்புக்காக. மூன்றாவது தடவை அத்தா கேட்க மாட்டார், பக்கத்துக் கடையில் பாட்டிலைத் திறக்கும் சத்தம்தான் கேட்கும். வந்தவர் "சொன்னாக் கேக்க மாட்டீகளே" என்று சலித்துக்கொண்டே ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடிப்பார். முதல் தடவையிலேயே சரி என்று சொன்னவனைப் பற்றி, அவன் படி இறங்கியதும் பேச்சு நடக்கும். ஒரே ஒரு தடவை கேட்டு நிறுத்திக்கொண்டவனைப் பற்றி நடக்கும் பேச்சு இன்னும் மோசமாக இருக்கும். ஒப்புக்குக் கேட்டான் என்பார்கள். அதற்குப் பிறகு அந்த வீட்டு வாசலை மிதிக்க மாட்டார்கள்.

அம்மா சோறு போடும்போது போதும் என்று தட்டின் மேல் கையை விரித்து மறைப்போம். அம்மா அந்தக் கையின் மேலேயே போடுவார். விரல் சுட்டு நாம் கையை எடுக்க, சோறு தட்டில் விழும். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் புறங்கை ருசி தெரியும்.

இங்கே வந்த புதிதில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பட்டினி கிடந்த கதையை வெளிநாடு போன எல்லாரும் எழுதிவிட்டார்கள். நான் அதை எழுதப்போவதில்லை. ஒரு வேளைச் சாப்பாடு போனால் அடுத்த வேளை கிடைத்துவிடும். எனக்குப் போனது வேறு.

1986இல் கோயம்புத்தூர்ப் பக்கத்திலிருந்து இரண்டு மில் முதலாளிகள் எங்கள் கம்பெனிக்கு மெஷின் வாங்க வந்தார்கள். இருவருக்கும் கோல்ஃப் பழக்கம் உண்டு. எங்கள் டைரக்டர் பெர்ரி, அவர்களை இதே மைதானத்துக்கு இரண்டு நாள் கூட்டிவந்தார். ஆட்டத்துக்கு நாலாவது ஆள் வேண்டும், தமிழும் தெரிந்தால் நல்லது என்று என்னையும் சேர்த்துக்கொண்டார். அதற்காக மூன்று ஞாயிற்றுக்கிழமை முனிசிபல் மைதானத்தில் மட்டை பிடிக்கப் பழகினேன். நானும் ஒரு முதலாளியும் ஒரு கட்சி. பெர்ரியும் இன்னொருவரும் எதிர்க்கட்சி.

பதினோராவது குழியில் என் பந்து குழிக்கு ஒரு முழம் தள்ளி நின்றது. "அது போய்விட்டது என்றே வைத்துக்கொள், எடுத்துக்கொள்" என்றார் பெர்ரி. எதிராளி இப்படி விட்டுக்கொடுத்தால் அடிக்காமலே குழியில் விழுந்த கணக்குத்தான். நான் சும்மா இருப்பேனா, "இல்லை சார், பரவாயில்லை, அடித்துவிடுகிறேன்" என்று குனிந்து அடித்தேன். பந்து குழியைச் சுற்றிக்கொண்டு போய்விட்டது. எனக்குக் காது சூடாகிவிட்டது. பெர்ரி சிரித்தார். "கவலைப்படாதே. இந்த ஆட்டத்தில் கொடுத்தது கொடுத்ததுதான். நீ வேண்டாம் என்று சொல்லவே முடியாது. அதுதான் சட்டம்."

ஆகா, இவர்களும் நம் ஆட்கள்தான் என்று எனக்கு அப்படியொரு சந்தோஷம். கையின் மேல் சோறு போடுகிற ஜாதி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த நினைப்போடுதான் கடைசிக் குழியான பதினெட்டாவதை நோக்கி அவர் பக்கத்தில் நடந்தேன். அவர் மட்டையை ஊன்றி நின்று சொன்னார்: "தென்னிந்தியாவில் ஓர் அலுவலகம் திறக்கிறோம். மதுரையில். உங்கள் ஊர் மில்கள் எல்லாம் அதற்குக் கீழேதான் வரும். அதை எடுத்து நடத்த உனக்கு விருப்பமா?"

மதுரையிலிருந்து ராஜபாளையம் இரண்டரை மணி நேர பஸ். வாராவாரம் அம்மா கையால் சாப்பிடலாம். அத்தாவுக்கு அப்போதே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போக ஆள் இல்லை. ஷமீமாவுக்கு ஐந்து வயது, எல்லாம் சரியாக வரும். இவ்வளவும் மனதில் ஓட, என் வாய் என்ன சொன்னது தெரியுமா?

"அய்யோ, நான் எதற்கு சார். என்னைவிடத் தகுதியானவர்கள், மூத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்களே."

அவர் இரண்டாவது தடவை கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் தலையை ஆட்டினார். "உண்மையைச் சொன்னதற்கு நன்றி" என்றார். பிறகு குனிந்து தன் பந்தை அடிக்கப் போய்விட்டார்.

ஆட்டம் முடிந்து ஷூ கழற்றுகிற இடத்தில் என் கட்சி முதலாளி மெதுவாகப் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க தம்பி, அவரு கேட்டப்ப நீங்க சும்மாதானே வேண்டாம்னீங்க?"

"ஆமாங்க."

"எனக்குத் தெரிஞ்சுது. அவருக்கு எப்படிங்க தெரியும்?"

4

உடனே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். பதினொரு வருடமாக நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். வேண்டாம் என்று சொன்ன வாயால் போய் வேணும் என்று நிற்பதற்குக் கூச்சம். ஒரு நாள் கழித்துக் கூப்பிட்டு மறுபடி கேட்பார் என்று ஓர் ஓரத்தில் நம்பிக்கை. திங்கட்கிழமை மத்தியானம் மனதைத் திடப்படுத்திக்கொண்டு அவர் அறைக்குப் போனேன். உள்ளே கீத் நின்றுகொண்டிருந்தான். பெர்ரி அவன் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். கீத்திடம் ஒரு தடவைதான் கேட்டிருக்கிறார். அவன் ஒரு தடவைதான் சரி என்றிருக்கிறான்.

கீத் என் பிரிவுதான். நல்லவன். அதுதான் கோபமே வராமல் போய்விட்டது. கிளம்புவதற்கு முன் ஆறு வாரம் என்னிடம் உட்கார்ந்து தமிழ் கற்றுக்கொண்டான். எண்ணிக்கை, பஸ் பெயர்கள், "காரம் கம்மியா", எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் வீட்டு முகவரியையும் எழுதிக் கொடுத்தேன்.

போய்ச் சேர்ந்து எனக்குக் கடிதம் எழுதினான். ஒரு மில்லுக்கு நான்கு கலர் வீதம் தினம் பன்னிரண்டு கலர் குடிக்கிறேன், வேண்டாம் என்றால் இன்னும் சீக்கிரமாகக் கொண்டுவருகிறார்கள், உங்கள் ஊரில் இந்த வார்த்தைக்கு என்னதான் அர்த்தம் என்று கேட்டிருந்தான். எங்கள் வீட்டுக்கும் போயிருக்கிறான். அம்மா பிரியாணி ஆக்கிப் போட்டிருக்கிறார். 'போதும் என்று தட்டை மூடினேன், உன் அம்மா என் கையின் மேலேயே வைத்துவிட்டார். விரல் பொத்துப்போய்விட்டது' என்று எழுதியிருந்தான்.

அந்த வரியை நான் ரஹீமாவுக்கு வாசித்துக் காட்டவில்லை. பாத்ரூமில் போய் உட்கார்ந்து அழுதேன்.

கீத் அங்கே ஐந்து வருடம் இருந்தான். அதற்கு நடுவில்தான் அத்தா மவுத்தானார். ஆஸ்பத்திரிக்குக் காரில் தூக்கிப் போனது கீத். இங்கே எனக்கு போன் வந்து, நான் லீவு எழுதிக் கொடுத்து, டிக்கெட் கிடைத்துப் போய்ச் சேர்ந்தபோது ஐந்து நாள் ஆகியிருந்தது. அவன் ஊர் திரும்பியபோது எனக்காக ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கி வந்தான். நன்றாக இருந்தது என்று ஒரு தடவையிலேயே சொல்லி இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

ஏனென்றால் அதற்குள் நான் பாடம் படித்துவிட்டேன். கேட்டால் உடனே பதில். வேண்டும் என்றால் வேண்டும். மற்றவர்கள் வேண்டாம் என்றால் விட்டுவிடுவது. அடுத்தவர் வார்த்தையை மதிக்கிற நாகரிகம் இது என்று ஷமீமாவுக்கும் சொல்லிச் சொல்லி வளர்த்தேன். நன்றாகவே கற்றுக்கொண்டாள்.

5

அத்தா போன பிறகு அம்மா ஸ்ரீவில்லிபுத்தூரில் மும்தாஜ் அக்கா வீட்டில் இருந்தார். 1993இல் மூன்று வார லீவில் போனேன். இரண்டாவது நாள் மத்தியானம், அம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன்.

"அம்மா, எங்கூட வந்துருறீகளா?"

"எனக்கு எதுக்குய்யா அந்த ஊரு? குளிர்ல வெறைச்சுப் போயிருவேன். நீங்க நல்லா இருந்தாப் போதும். நான் இங்கனயே கெடக்கேன்."

"சரிம்மா. ஒங்க இஷ்டம்."

அம்மா தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். கீரைக்காம்பு கையிலேயே இருந்தது. "ஆமா, என் இஷ்டந்தான்" என்றார். மறுபடி கீரை ஆயத் தொடங்கிவிட்டார்.

எனக்கு உறுத்தவே இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அம்மாவின் முடிவை மதித்தேன் என்று எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. மிச்ச நாளெல்லாம் கல்யாண வீடு, சொந்தக்காரர்கள் வீடு, செண்பகத்தோப்புப் பக்கம் ஒரு நாள் என்று சுற்றினேன். கிளம்பும் அன்று அம்மா கார்வரைக்கும் வந்தார். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். "வேற எதுவும் சொல்லணுமாய்யா?" என்று கேட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், மாத்திரையை மறக்காதீர்கள் என்று சொன்னேன்.

இரண்டு வருடம் கழித்து அம்மாவும் போய்விட்டார். அடக்கத்தில் மண் போடவும் நான் இல்லை. எட்டாம் நாள் போய் நின்றேன். அக்கா ஒரு பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். உள்ளே ஒரு பாஸ்போர்ட். அம்மாவின் போட்டோ, முக்காடு நெற்றிவரைக்கும் இழுத்து, முறைத்துப் பார்த்துக்கொண்டு. பிறந்த தேதி தெரியாது என்பதால் ஏதோ ஒரு தேதி. புரட்டினேன். ஒரு பக்கத்திலும் முத்திரை இல்லை.

"இது எப்போ எடுத்தது?"

"நீ அந்தத் தடவை வர்றதுக்கு மூணு மாசம் முந்தி. மச்சான்தான் திருச்சிக்கு அலைஞ்சாக. போலீஸ்காரரு வீட்டுக்கு விசாரிக்க வந்தாரு. எதுக்கும்மா இந்த வயசுல பாஸ்போர்ட்டுன்னு கேட்டாரு. அம்மா என்ன சொன்னாக தெரியுமா? 'எம் மகன் கூப்பிட்டுக்கிட்டே இருக்கான்யா, வர மாட்டேன்னாலும் விட மாட்டேங்கான்'னாக."

"நான் அப்போ கூப்பிடவே இல்லையே, அக்கா."

"அது எனக்குத் தெரியாதா?"

அக்கா அந்தப் பையிலிருந்து ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸை எடுத்தாள். "இதை மாட்டிக்கிட்டு இந்த மொசைக்குத் தரையில நடந்து பழகுனாக. வழுக்கி விழப் பாத்தாக. நாங்க சிரிச்சு உருண்டோம். அவுகளும் சிரிச்சாக."

"அப்போ ஏன் வேண்டாம்னாங்க? நான் கேட்டேனே!"

"ஒரு வார்த்த கேட்டே." அக்கா குரல் உயரவில்லை. "கையைப் பிடிச்சு ரெண்டு தரம் இழுத்தா என்ன தேஞ்சா போவே? நீ கார்ல ஏறுற வரைக்கும் பாத்துக்கிட்டிருந்தாக. நான் சொல்லிருறேம்மான்னேன். சத்தியம் வாங்கிட்டாக. பெத்த மகன் வீட்டுக்குக் கேட்டு வாங்கியா போவாகன்னாக."

சாக்ஸை நான் எடுத்துவந்தேன். பாஸ்போர்ட்டை அக்கா தரவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டாவது ஆட்டம். பதினாலாவது குழிப் பக்கம் காற்று தூக்கியது. ஒரு மணல்மேட்டின் மறைவில் பெஞ்சு இருந்தது, உட்கார்ந்தோம். எதிரே கடல் சாம்பல் நிறத்தில் கிடந்தது. ஷமீமா ஹோட்டல் சமையலறையில் கேட்டு பிளாஸ்க்கில் டீ வாங்கி வந்திருந்தாள். அவளுக்கு யாரிடமும் எதையும் கேட்கக் கூச்சமில்லை.

அன்று கேட்டுவிட்டேன். மில் கடிதத்தைக் காட்டினேன். "நாம ஊருக்கே போயிருவோமா, ஷமீமா?"

அவள் கடிதத்தை முழுவதும் வாசித்தாள். தமிழ்க் கையெழுத்து அவளுக்குக் கஷ்டம், எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். மடித்து என் கையில் கொடுத்தாள். "இல்லை அத்தா. என்னால் முடியாது" என்று ஆங்கிலத்தில் சொன்னாள். முகம் வெளுத்துவிட்டது.

இந்தத் தடவை நான் ஏமாறத் தயாராக இல்லை. அம்மாவின் பாஸ்போர்ட் என் கண் முன்னால் இருந்தது. "உடனே சொல்லாதே. யோசி. மதுரையில் நல்ல காலேஜ் இருக்கு. மும்தாஜ் அத்தை இருக்கா. உனக்கு மாடியில தனி ரூம் கட்டித் தாரேன்" என்றேன்.

"இல்லை அத்தா."

அவள் கையைப் பிடித்தேன். பிடித்து இழுத்தேன் என்றே சொல்ல வேண்டும். "எனக்காக வாம்மா. ஒரு வருஷம். பிடிக்கலேன்னா திரும்பி வந்துருவோம். வா."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள். கோபத்தில் இல்லை, வலித்ததால். கண் நிறைந்துவிட்டது. தமிழில் பேசினாள், அவளுக்கு வருகிற தமிழில்.

"ஒரு தடவை சொன்னேன் அத்தா. அதைச் சொல்றதுக்கே எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? திரும்பத் திரும்பக் கேட்டா, நான் சொன்னது பொய்னு நினைக்கிறீங்களா? நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க, வேண்டாம்னா வேண்டாம்தான்னு."

நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவள் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. மூன்று தடவை கேட்க வேண்டியவரிடம் ஒரு தடவை கேட்டேன். ஒரு தடவையோடு விட வேண்டியவளிடம் மூன்று தடவை கேட்டு அழவைத்தேன். கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்தேன். இனி அதை எடுக்க வேண்டிய வேலை இல்லை.

எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்லிவிட்டுக் கடந்துபோனார்கள். ஷமீமா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். என் மேல் கோபம் இல்லை என்று காட்ட வேண்டும்போல இருந்திருக்கும். பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றி, இரண்டு மடக்குக் குடித்தாள். ஆவி பறந்தது. என் விரல்கள் விறைத்துப்போயிருந்தன. காலையிலிருந்து நான் எதுவும் குடிக்கவில்லை.

"டீ வேணுமா, அத்தா?" என்றாள்.

"வேண்டாம்மா" என்றேன்.

அவள் மிச்சத்தைக் குடித்து முடித்து, மூடியைத் திருகி, பிளாஸ்க்கைப் பைக்குள் வைத்துவிட்டாள்.